ஏஜென்ட் அண்ணனுக்கு ஒரு வாழ்த்து

எங்கள் வீட்டுக் கழிப்பறையில் என் அண்ணனின் பெயர் தொங்குகிறது. முகம் சுளிக்க வேண்டாம்; நெதர்லாந்தில் வேண்டியவர்கள் எல்லாருடைய பெயரும் அங்கேதான் தொங்கும். வெர்யார்டாக்ஸ்கலெண்டர் என்று ஒரு நாட்காட்டி இங்கே உண்டு. அதில் வருஷம் கிடையாது, கிழமை கிடையாது, ராகுகாலம் எமகண்டம் எதுவும் கிடையாது. மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் தெரிந்தவர்களின் பிறந்தநாள், அவ்வளவுதான். அதைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் மாட்டிவிடுவார்கள். தினமும் தவறாமல் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிற இடம் வேறு எது இருக்கிறது என்று, என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் ஆனெக்கே கேட்டாள். பதினொரு வருஷத்துக்கு முன்பு, நான் வந்த புதிதில், அவள்தான் எனக்கு ஒன்று வாங்கித் தந்தாள். எனக்கு மனசு கேட்காமல் ஹாலில் மாட்டினேன். வந்த டச்சுக்காரர்கள் எல்லாம், பல் துலக்கும் பிரஷ்ஷைப் பூஜை அறையில் வைத்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் உரிய இடத்துக்கே மாற்றிவிட்டேன். ஆகஸ்ட் தாளில் இருப்பது ஒரே ஒரு பெயர், சம்பத் அண்ணன்.

அண்ணன் திருவண்ணாமலையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே போனால், புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் அவர் வீடு. பாலிசி பிடிப்பதற்கு மற்ற ஏஜென்டுகள் என்னென்னவோ வித்தை காட்டுவார்கள். அண்ணனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: யாருடைய பிறந்தநாளையும் மறக்கமாட்டார். பாலிசிப் படிவத்தில் இருக்கும் பிறந்த தேதிகளை எல்லாம் நீளமான டைரி ஒன்றில் ஏற்றி வைத்துக்கொண்டு, தினமும் காலை ஏழு மணிக்கு, குளித்து விபூதி இட்ட கையோடு போனை எடுத்துவிடுவார். "வணக்கங்க, சம்பத் பேசறேன். இன்னிக்கு உங்களுக்குப் பொறந்தநாள். நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும், பிரீமியம் கட்டிக்கினே இருக்கணும்!" கடைசி வரிக்கு எதிர்முனையில் சிரிப்பு வரும். வராவிட்டால் அண்ணனே சிரித்துக்கொள்வார். முப்பது வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் அதே வாழ்த்து, அதே சிரிப்பு. நான் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் எனக்கு அலாரமே அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் மாவட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய ஆட்களில் எக்கச்சக்கமான பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வீட்டுக்காரர்களுக்குத் தேதி தெரியாது. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஹெட்மாஸ்டர் தம் விருப்பப்படி எழுதிவைத்த தேதி அது. ஜூன் ஒன்று வந்தால் அண்ணனுக்கு ஏழு மணி போதாது, ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கா சார்? எங்கம்மா மாசி மாசம்னு சொல்லுமே" என்று யாராவது இழுத்தால், "சர்ட்டிபிகேட்ல நீங்க பொறந்தது இன்னிக்குத்தாங்க, வாழ்த்தை வாங்கிக்குங்க" என்று முடித்துவிடுவார்.

போன சித்திரையில் ஒருநாள் காலை, அண்ணனால் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. அண்ணி போட்டுவிடப் போனபோது அவர் ஏதோ சொன்னார். அது எந்தப் பாஷையிலும் இல்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சு. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். கால் சீக்கிரமே தேறிவிட்டது, தடியை ஊன்றி நடந்தார். அடுத்தவர் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. தம் வாயில் வருவதுதான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் சைக்கிள் என்று வந்தது. அண்ணி பெயருக்குப் பதிலாக நெய்வேலி என்று வந்தது. ஆனாலும் அப்போதெல்லாம் முயன்றுகொண்டுதான் இருந்தார், தப்பு வந்தால் தலையில் தட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாராம்.

அப்படி இருக்கும்போது ஜூன் ஒன்று வந்தது. அண்ணனின் போன் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அண்ணி பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் அண்ணியின் போனை எடுத்து, டைரியைப் பிரித்து, இடது கையால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தியிருக்கிறார். முதல் பெயர் அடி அண்ணாமலை கோவிந்தன். கிரிவலப் பாதையில் கற்பூரமும் சோடாவும் விற்கிற பெட்டிக்கடைக்காரர், இருபது வருஷப் பழக்கம். அண்ணன் பேசினார். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ தெரியாது. தெரியாத எண், விடிகாலை நேரம், குழறுகிற குரல். "காலங்காத்தால ஊத்திக்கினு போன் பண்ணுறியா? வைடா!" என்று கத்திவிட்டுக் கோவிந்தன் வைத்துவிட்டார். உள்ளே வந்த அண்ணிக்கும் அந்தக் கத்தல் காதில் விழுந்தது. தம் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டறியாத மனுஷன், போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதோடு வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். எது வேண்டுமானாலும் சாப்பாட்டு மேசையில் டம்ளரைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் பாத்ரூம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழைக்கும்போது அண்ணி போனை அவர் காதில் வைப்பார். எனக்கு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் மூச்சிடம் பேசிவிட்டு வைப்பேன்.

ஆகஸ்ட் தாளைத் திருப்பிய அன்று எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து என் வீட்டுக்காரரிடம், "நான் ஊருக்குப் போறேன்" என்றேன். "கழிப்பறையில உக்காந்து முடிவெடுத்துட்டியே" என்று கிண்டல் செய்தாலும், அன்றைக்கே டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

வேங்கிக்கால் வீட்டில் அண்ணன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, கண் கலங்கியது, உதடு மட்டும் ஒட்டியபடியே இருந்தது. நான் வந்த நாளிலிருந்து பார்த்தேன், வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு சீப்புப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, அண்ணன் எதிரே உட்கார்ந்துகொண்டே அண்ணியிடம்தான் கேட்பார்கள்: "இப்ப எப்டி இருக்காரு? சாப்புடறாரா? நாம சொல்றது புரியுதா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பழக்கமானது. நெதர்லாந்தில் முதல் இரண்டு வருஷம், டாக்டர், பாங்க்காரர், பக்கத்துவீட்டுக்காரர் என்று எல்லாரும் நான் நிற்கும்போதே என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இவருக்குப் புரிகிறதா?" என்றுதான் கேட்டார்கள்.

ஊரில் யாருக்கும் சொல்லாத கதை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்துக்குப் போன முதல் குளிர்காலத்தில், ரொட்டிக் கடையில் பேசுவதற்காக ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே பத்து முறை சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். வரிசையில் என் முறை வந்தது. வாக்கியத்தைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு பதிலுக்கு என்னமோ கேட்டாள். ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். அவள் மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை சத்தமாக. நான் ரொட்டியும் வாங்காமல் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். ரொட்டியை வெட்டித் தரவா என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் எந்தக் கடையிலும் வாய் திறக்கவில்லை. விரலை நீட்டுவேன், தலையை ஆட்டுவேன், காசைக் கொடுப்பேன். எங்கள் ஊர்க் கல்லூரியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் நான். உள்ளே வார்த்தை முட்டிக்கொண்டு நிற்கும், வெளியே வந்தால் குழந்தைப் பேச்சாக இருக்கும். அதைவிட ஊமையாக இருப்பது மரியாதையாகத் தோன்றியது. அதனால் அண்ணன் டம்ளரைத் தட்டும்போது அந்த வீட்டில் மற்றவர்களுக்குப் பாவமாக இருந்தது. எனக்கு மட்டும் அது பாவமாகப்படவில்லை. என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஷர்மிளா என்ற பெண் வந்துபோனாள். அவளைக் கேட் வரை வழியனுப்பப் போனபோது சொன்னாள்: "அக்கா, அவருக்குப் பேச்சு உள்ள இருக்குதுங்க. தப்போ சரியோ, பேசப் பேசத்தான் வழி கிடைக்கும். இந்த முதல் சில மாசந்தான் ரொம்ப முக்கியம். இப்ப உடற ஒவ்வொரு வாரமும் நமக்கு நஷ்டம். நான் படத்தைக் காட்டறேன், அவரு என்னைப் பாத்துக் கும்புடறாரு. நான் இன்னா பண்ணட்டும்?" அண்ணனின் குரல் இனி இல்லாமலே போய்விடலாம் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணியிடம் மெல்லப் பேச்செடுத்தேன். கழிப்பறை நாட்காட்டியைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தால், "அய்யோ, அண்ணன் பேரைப் போய்க் கக்கூஸ்லயா மாட்டி வச்சிருக்கிற?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணாம்மா வசந்தி. இந்த வருஷம் பொறந்தநாள்ன்ற பேச்சே எடுக்காத. அந்த வார்த்தையைக் கேட்டாலே செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கிறாரு. யாரும் அவருக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது, நீயும் சொல்லக்கூடாது, ஆமா" என்றார். ஆயிரக்கணக்கான பேருக்கு வாழ்த்துச் சொன்ன மனுஷனுக்கு, அவர் வீட்டிலேயே வாழ்த்துக்குத் தடை. அண்ணி மேலும் தப்பில்லை. தினம் தினம் பார்க்கிறவர் அவர்.

அவருக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது என்றுதானே அண்ணி சொன்னார் என்று அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்குச் சொல்லலாமே!

விளங்கச் சொல்கிறேன். ஆனெக்கேயின் புருஷனுடைய பிறந்தநாளுக்கு முதன்முதலாகப் போயிருந்தபோது, ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவராக எழுந்து என் கையைக் குலுக்கி, "ஹெஃபெலிசிடேர்ட்" என்று வாழ்த்தினார்கள். எனக்குப் பிறந்தநாள் இல்லை என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். "ஆமாம் ஆமாம்" என்று மறுபடியும் குலுக்கினார்கள். பிறந்தநாள்காரரோடு நிற்காமல் அவருடைய மனைவி, மாமியார், பக்கத்துவீட்டுக்காரர், நேற்று வந்த நான் வரைக்கும் எல்லாருக்கும் எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். இதென்ன கூத்து என்று சமையலறையில் ஆனெக்கேயிடம் கேட்டேன். அவள் கேக்கை வெட்டிக்கொண்டே, "அவன் பிறந்ததால் லாபம் அவனுக்கா? எனக்கல்லவா" என்றாள். அப்போது அது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மறுநாள் அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தேன். கோவிந்தன் கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு நான் யாரென்று சொன்னேன். ஏஜென்ட் சாருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார், வந்து பார்க்க வேளை வரவில்லை என்றார். ஜூன் ஒன்றாம் தேதி வந்த போனைப் பற்றிச் சொன்னேன். சோடா பாட்டிலைத் திறக்கிற கட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "அது சாரா? அய்யோ சாமி, சாரையா நான் அப்டிப் பேசினேன்?" என்று தம் வாயிலேயே அடித்துக்கொண்டார். எதிரே நடந்துபோன வெளியூர்ப் பக்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பிறந்தநாள், வீட்டுக்கு வர வேண்டும், ஆனால் அந்தப் போனைப் பற்றிப் பேசவே கூடாது, வாழ்த்தவும் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "அப்ப நான் வந்து இன்னாமா பண்றது?" என்றார் நியாயமாக. எனக்கும் தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. ஏதாவது ஏறுக்குமாறாகி, அண்ணன் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். வட்டத்தில் அண்ணனின் பிரம்பு நாற்காலியும் ஒன்று, சாப்பாட்டு மேசையும் அவர் டம்ளரும் கைக்கெட்டும் தூரத்தில். அண்ணி கேசரி கிளறிய கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, பஞ்சாயத்தா?" எதிர்வீட்டு சரோஜா அக்கா வந்து உட்கார்ந்தார். அண்ணன் சந்தேகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பாமல் நேரே அண்ணியிடம் போய், கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"அண்ணி, அண்ணன் பொறந்ததுக்கு உங்களுக்கு வாழ்த்துகள்."

அண்ணி அரண்டுபோய் அண்ணனைப் பார்த்தார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை; புருவத்தைத்தான் நெரித்தார். "எனக்கு எதுக்குமா? நானா பொறந்தேன்?" என்றார் அண்ணி.

"அங்க அப்டித்தான் அண்ணி. சரோஜாக்கா, உங்களுக்கும் வாழ்த்துகள்."

"எனக்கா? நான் கேசரிக்குத்தாம்மா வந்தேன்" என்றார் சரோஜா அக்கா. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பது வருஷம் வாழ்த்துத் தொழில் பண்ணியவருக்கு, ஊரான் வீட்டு வாழ்த்தை எல்லாருக்கும் பிரசாதம் மாதிரி விநியோகம் பண்ணுகிறவளைக் கண்டால் எப்படி இருக்கும்? நாற்காலியில் நெளிந்தார். தடியைத் தரையில் ஊன்றி ஊன்றி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் வந்து நின்றது. கோவிந்தன் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு தூக்குப் பை நிறைய அவித்த மல்லாட்டை கொண்டு வந்திருந்தார்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அவரைப் பார்த்ததும் அண்ணனின் முகம் சட்டென்று இறுகியது. செருப்பை ஒரு காலில் கழற்றியும் மறு காலில் போட்டும் கோவிந்தன் நிலைப்படியில் நின்றார். வாயைத் திறந்தார். பேசக்கூடாது என்று நான் சொன்னதை எல்லாம் பேசிவிடுவார் போலிருந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.

"கோவிந்தண்ணே, வாங்க வாங்க. உங்களுக்கு வாழ்த்துகள்!"

"எனக்கா?" கோவிந்தன் முழித்தார். கையைப் பார்த்தார், வட்டமாகப் போட்ட நாற்காலிகளைப் பார்த்தார், கேசரியைப் பார்த்தார். ஏஜென்ட் வீட்டுக்கு வரச் சொல்லி, கையைக் குலுக்கி, இனிப்பும் வைத்து வாழ்த்துச் சொன்னால் ஒரு பாலிசிதாரர் வேறென்ன நினைப்பார்? அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "பாலிசி முதிர்ந்துடுச்சாமா? மகராசனா இருக்கணும் நீ! பொண்ணு கல்யாணத்துக்கு இன்னா பண்றதுன்னு ராத்திரிகூட பேசிக்கினு இருந்தோம்..."

டங் டங் டங் என்று டம்ளர் அலறியது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, கணக்கே இல்லாமல் அண்ணன் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி ஓடினார். அண்ணன் அவரை விலக்கிவிட்டு, கோவிந்தனைப் பார்த்து, இடது கையைத் தூக்கினார்.

"இல்ல" என்றார்.

"இல்ல... கோ... கோவிந்தா. இன்னும்... ரெண்டு... ரெண்டு..." வருஷம் என்ற சொல் வரவில்லை. அது வராமல் அவர் தவித்ததை நான் பார்த்தேன். அந்தத் தவிப்பின் ஒவ்வொரு தெருவும் எனக்குத் தெரியும். எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் கண்ணை மூடினார். பிரதான சாலை அடைத்திருந்தால் சந்து வழியாகப் போகிறவர்போல் வேறொரு வார்த்தையைத் தேடிப் பிடித்து வந்தார். "ரெண்டு... தீபம். ரெண்டு தீபம்... போவணும்."

எங்கள் ஊரில் கார்த்திகைத் தீபத்தை வைத்து வருஷத்தைக் கணக்குப் பண்ணாதவர் யார்? கோவிந்தனுக்கு உடனே புரிந்துவிட்டது. பாலிசி முதிர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எந்த ஏஜென்டுக்கும் வாடிக்கையாளர் தப்பான தகவலோடு வீட்டைவிட்டுப் போவது பொறுக்காது. என் அண்ணனுக்குச் செத்தாலும் பொறுக்காது. கோவிந்தன் மல்லாட்டைப் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து அண்ணனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு தீபம் இன்னா சார், பத்து தீபம் ஆவட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அன்னிக்கு நீங்க சொல்ல வந்ததை நான் காது குடுத்துக் கேக்கல சார். இப்ப சொல்லுங்க. எத்தினி நாழி ஆனாலும் கேக்கறேன்."

நான் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட அதே பேச்சு. எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் கோவிந்தனையே பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். முதுகை நிமிர்த்தி, ஏழு மணிக்கு உட்கார்வாரே, அப்படி உட்கார்ந்தார். பிறகு, தடங்கல் இல்லாமல், குழறல் இல்லாமல், கொட்டியது: "வணக்கங்க, சம்பத் பேசறேன். இன்னிக்கு உங்களுக்குப் பொறந்தநாள். நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும், பிரீமியம் கட்டிக்கினே இருக்கணும்!"

முடித்துவிட்டு அவரே திகைத்துப்போனார். எங்கிருந்து வந்தது என்று சுற்றும்முற்றும் பார்த்தார். அண்ணி சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். சரோஜா அக்கா, "இதுக்கே சுத்திப் போடணும்" என்று மிளகாய் எடுக்கத் தம் வீட்டுக்கு ஓடினார். வருஷக்கணக்கில் தினமும் சொல்லித் தேய்ந்த பேச்சு சிலபேருக்கு இப்படி முழுசாகத் தங்கிவிடும், அதைப் பிடித்துக்கொண்டே மற்றதைக் கொண்டுவரலாம் என்று ஷர்மிளா பிறகு விளக்கினாள். அன்றைக்கு எங்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கேசரி காலியானது, மல்லாட்டைத் தோல் ஹாலெல்லாம் இறைந்தது. அண்ணன் நடுநடுவே ஒன்றிரண்டு சொல் சொன்னார். பாதி தப்பு. தப்பு வந்தால் கோவிந்தன்தான் முதலில் சிரித்தார், அண்ணனும் கூடச் சிரித்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

எல்லாரும் போன பிறகு நான் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாப்பா."

சின்ன வயதிலிருந்து என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். திரும்பினேன். அண்ணன் இடது கையால் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு?"

அப்போதுதான் உறைத்தது. அண்ணிக்குச் சொன்னேன், எதிர்வீட்டுக்குச் சொன்னேன், கோவிந்தனுக்கு அண்ணனே சொன்னார். பிறந்தவருக்கு மட்டும் யாருமே சொல்லவில்லை. நூறு வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன், அது அவருடைய வாழ்த்தாயிற்றே என்று நிறுத்திக்கொண்டேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலுவில்லாத அந்த வலது கையைப் பிடித்துக் குலுக்கினேன். "நல்லா இரு அண்ணே. பேசிக்கினே இரு" என்றேன். வாழ்த்துத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், என் வாழ்த்தை ஒரு கணம் எடை போட்டுப் பார்த்தார். பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

நெதர்லாந்துக்குத் திரும்பிய பிறகு, மூச்சிடம் பேசும் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துபோயின. இப்போது தினமும் பேசுகிறோம். மூன்றரைக்கு வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போது வீடியோ அழைப்பு. அங்கே அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு டைரியோடு உட்கார்ந்திருப்பார். ஷர்மிளா சொல்லிக்கொடுத்த பயிற்சிதான். நான் போனை ஜன்னலுக்குக் காட்டுவேன். வெளியே ஓடுவதை அவர் பார்ப்பார், பெயர் சொல்வார். வராவிட்டால் நான் நிறுத்தி நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். மா-டு. தண்-ணி. பா-லம். நேற்று எதிர் இருக்கையில் வெள்ளை முடியோடு ஒரு டச்சு அம்மாள் உட்கார்ந்து இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

வாய்க்கால் ஓரமாகத் தலை வெட்டிய மொட்டை மரங்கள் வரிசையாக வந்தன. "அ... து?" என்றார் அண்ணன். யோசித்தேன். அந்த மரம் எங்கள் ஊரில் இல்லை. அதற்குத் தமிழில் என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது டச்சுப் பெயர்தான். "வில்ஹ்" என்றேன். கடைசி எழுத்து மீன்முள் சிக்கிய தொண்டையிலிருந்து வருவதுபோல் வர வேண்டும். இத்தனை வருஷமாகியும் எனக்கு அது வந்தபாடில்லை. அண்ணன் கனைத்துக்கொண்டு, "வில்ஹ்ஹ்" என்றார்.

எதிர் இருக்கை அம்மாள் கைதட்டிவிட்டார். "அருமை! உங்களைவிட நன்றாகச் சொல்கிறாரே. எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார்?"

"அவர் இங்கே வந்ததே இல்லை. நான்தான் இருக்கிறேன். பதினொரு வருஷம்" என்றேன். அவசரத்தில் அந்தச் சின்ன டச்சு வாக்கியத்திலும் ஏதோ தப்பு விட்டிருக்க வேண்டும். அந்த அம்மாள் என் முழங்கையைத் தட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, என்னவோ ஆறுதல் சொன்னார்.

"இன்னா... சொல்... றாங்க?" என்று போனுக்குள்ளிருந்து அண்ணன் கேட்டார்.

"கவலைப்படாதே, உனக்கும் பேச்சு வந்துடும்னு சொல்றாங்க அண்ணே."

அண்ணன் சிரித்தார். பின்னால் அண்ணி சிரிப்பதும் கேட்டது. பிறகு அவர் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, அந்த அம்மாளைவிட நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து எனக்குச் சொன்னார்:

"வரும்... பாப்பா. பயப்... படாத. வரும்."